கொலுசுக் கணக்கு தெரிந்த ஊரில் ஃப்ரீலான்ஸ் வேலை: கிளையன்ட்டிடம் கூச்சப்படாமல் பேசுவது எப்படி

சேலத்தில் எனக்கு முதல் இரண்டு வருஷம் வந்த கிளையன்ட்டுகளில் முன்பின் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. சித்தப்பாவோடு படித்தவர், அம்மாவுக்குக் கோயிலில் பழக்கமானவரின் மருமகன், எங்கள் தெருவில் குடியிருந்துவிட்டு இப்போது ஃபேர்லேண்ட்ஸில் வீடு கட்டிப் போனவர், இப்படித்தான். தெரிந்தவர்கள் என்பதால் காசு பேசக் கூச்சம், பேசாமல் ஆரம்பித்ததால் முடிவில் வருத்தம், அந்த வருத்தத்தை வெளியே சொல்லவும் முடியாது, ஏனென்றால் அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் பக்கத்து இலையில் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

நான் செய்வது லோகோ, கேட்லாக், சின்ன வெப்சைட். அம்மாபேட்டையில் வீட்டு மாடிதான் ஆபீஸ். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் என்ன சாஃப்ட்வேர் கற்றுக்கொள்வது, எந்த சைட்டில் ப்ரொஃபைல் போடுவது என்றுதான். அது இரண்டும் யூடியூபில் கிடைக்கும். கிளையன்ட்டிடம் என்ன பேசுவது, எப்போது பேசுவது என்பதுதான் கிடைக்காது, அதனால் அதை எழுதுகிறேன்.

எனக்கு இது புரிந்தது பெரியப்பாவின் கொலுசுப் பட்டறையில். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். வியாபாரி வெள்ளியைக் கொடுப்பார், பட்டறையில் உருக்கி, கம்பி இழுத்து, வளையம் வளையமாகப் பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகு போட்டுக் கொலுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது எடையும் டச்சும் (வெள்ளியின் சுத்தம்) பார்ப்பார்கள், வாங்கும்போதும் பார்ப்பார்கள். இடையில் எவ்வளவு குறையலாம் என்பதுதான் சேதாரம், அது முன்பே பேசியது. கூலி கிலோவுக்கு இவ்வளவு, அதுவும் முன்பே பேசியது. முப்பது வருஷப் பழக்கம், வீட்டு விசேஷத்துக்கெல்லாம் குடும்பத்தோடு வருகிறவர், ஆனாலும் தராசில் வைக்காமல் ஒரு கிராம் கைமாறாது. இதில் யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது. எடை போடாமல் வாங்கிக்கொண்டால்தான் ‘என்னப்பா, ஏதோ மாதிரி இருக்கே’ என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதே மாதிரி ஒரு வியாபாரி என்னிடம் கேட்லாக் செய்ய வந்தபோது, ‘சும்மா ஒரு பத்துப் பக்கம்மா, நீயே பார்த்துச் செய்’ என்றார். நானும் சரிங்க அண்ணா என்று ஆரம்பித்துவிட்டேன். பத்துப் பக்கம் 46 பக்கம் ஆனது. மாடல் மாற மாற ஃபோட்டோ மாறியது. கடைசியில் அவர் நினைத்து வைத்திருந்த தொகையும் நான் நினைத்து வைத்திருந்த தொகையும் ஒன்றுக்கு மூன்று வித்தியாசம். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வெள்ளியை எடை போட அங்கே தராசு இருந்தது. என் வேலைக்கு நான் தராசே வைக்கவில்லை.

அந்தத் தராசு, முதல் பேச்சில் கேட்டுக்கொள்ளும் நாலு விஷயம்தான். என்னென்ன செய்து கொடுக்க வேண்டும், எத்தனை தடவை திருத்தலாம், எவ்வளவு பணம் எப்போது, கடைசியாகச் சரி என்று சொல்லப்போவது யார். தேதியைக் கூட நான் ஐந்தாவதாகத்தான் வைப்பேன், ஏனென்றால் இந்த நாலும் தெரிந்தால்தான் தேதி சொல்ல முடியும்.

‘தோராயமா ஒரு ரேட் சொல்லுங்க’

ஃபோனில் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் இது வந்துவிடும். சொல்லவே சொல்லாதீர்கள். ‘எட்டாயிரத்துலேருந்து பதினைஞ்சாயிரம் வரைக்கும் ஆகலாம்’ என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் விழுவது எட்டாயிரம் மட்டும்தான், அதையும் வீட்டில் போய் ‘ஏழு, ஏழரைக்குப் பேசி முடிச்சிருக்கேன்’ என்றுதான் சொல்லியிருப்பார். ‘விவரம் கேட்டுக்கிட்டு நாளைக்குக் காலையில எழுதி அனுப்பறேங்க’ என்று சொல்லிவிட்டு, சொன்னபடி அடுத்த நாள் காலையில் அனுப்புங்கள். அந்த ஒரு நாள் வாக்கைக் காப்பாற்றுவதே பாதி நம்பிக்கையைக் கொடுத்துவிடும்.

நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘வணக்கம் அண்ணா. நேத்துப் பேசினபடி: கடைக்கு லோகோ ஒன்று, விசிட்டிங் கார்டு ஒன்று, கடை போர்டுக்கான டிசைன் ஒன்று. லோகோவுக்கு மூணு மாதிரி காட்டுவேன், நீங்க ஒண்ணு தேர்ந்தெடுத்த பிறகு அதில் ரெண்டு தடவை திருத்தம். அதுக்கு மேல போனா ஒரு தடவைக்கு 800 ரூபாய். பிரிண்டிங், போர்டு அடிக்கிற செலவு இதுல சேராது. மொத்தம் 18,000. பாதி வந்ததும் ஆரம்பிச்சு, மேட்டரும் ஃபோட்டோவும் கைக்கு வந்த நாள்லேருந்து 12 நாள்ல முடிப்பேன். மீதி, கடைசி ஃபைல் கொடுக்கறதுக்கு முன்னாடி. சரின்னா ஒரு வார்த்தை பதில் போடுங்க.’

இதை அக்ரிமென்ட் என்று சொல்லிப் பத்திரத்தில் நீட்டினால் நம்ம ஊரில் மிரண்டுவிடுவார்கள், எதற்கோ கையெழுத்து கேட்கிறாள் என்று. இதே விஷயத்தை மெசேஜாக அனுப்பினால் ‘ஓகேம்மா’ என்று கைகூப்பிய எமோஜியோடு பதில் வரும், அதுவே நமக்கு எழுத்து. சண்டை போடவா அதைக் காட்டப்போகிறோம்? மூன்று வாரம் கழித்து ‘நாலாவதா ஒரு மாதிரி காட்டறேன்னு சொன்னியே’ என்று அவரே உண்மையிலேயே நம்பிக் கேட்கும்போது, மேலே தேடி அந்த மெசேஜைப் பிடித்துப் பதில் போட உதவும். ஞாபகம் எல்லோருக்கும் தனக்குச் சாதகமாகத்தான் வேலை செய்யும், எனக்கும்தான்.

அந்த மெசேஜில் ‘கைக்கு வந்த நாள்லேருந்து’ என்பதைக் கவனியுங்கள். பேசிய நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தால் செத்தோம். மேட்டர், அதாவது அச்சில் வர வேண்டிய வாசகம், வரவே ஒரு மாதம் ஆகும்.

பேரம் பேசாமல் யாரும் விடமாட்டார்கள், பேசட்டும், அது மரியாதைக் குறைவு இல்லை. 18,000 என்றால் ‘ஒரு ரவுண்டா பதினைஞ்சுல முடிச்சுக்கலாம்மா’ என்பார்கள். ரேட்டைக் குறைத்தால், முதலில் கூட்டிச் சொன்னோம் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேலையைக் குறையுங்கள். ‘பதினைஞ்சுல முடிக்கலாங்க, போர்டு டிசைனை அப்புறம் பார்த்துக்கலாம்.’ பாதிப் பேர் அதைக் கேட்டதும் பதினெட்டுக்கே வந்துவிடுவார்கள், மீதிப் பேர் நிஜமாகவே அவ்வளவுதான் கையில் வைத்திருப்பார்கள். இரண்டும் நல்லதுதான்.

அட்வான்ஸில் ஒரு உள்ளூர்க் குழப்பம் உண்டு. நல்ல நேரம் பார்த்து, வெற்றிலையில் வைத்து, 1,001 ரூபாய் கொடுப்பார்கள். அவர்கள் கணக்கில் அது அட்வான்ஸ், வேலை ஆரம்பமாகிவிட்டது. நம் கணக்கில் அது டோக்கன். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ‘நல்லபடியா அமையட்டுங்க, பாதித் தொகை அக்கவுன்ட்ல வந்ததும் உட்கார்ந்துடறேன்’ என்று அங்கேயே, அந்த நல்ல நேரம் முடிவதற்குள்ளேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்து மெசேஜில் சொன்னால் வேறு மாதிரி படும்.

பெண்களுக்கு இன்னொன்று. பணப் பேச்சு வந்ததும் ‘அப்பாகிட்டப் பேசிக்கிறேன்மா’ என்பார்கள். மரியாதையாக நினைத்துத்தான் சொல்கிறார்கள் என்றாலும் விட்டுவிடக் கூடாது. ‘அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாதுங்க, என்கிட்டயே பேசுங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். ஒரு தடவை அப்பாவிடம் பேசவிட்டேன். 12,000 ரூபாய் வேலையை ‘நம்ம பசங்க வேலைதானே, பார்த்துக் கொடுங்க’ என்று முடித்துக்கொண்டு வந்தார்.

யார் தலையாட்டினால் வேலை முடியும்

சேலத்தில் பெரும்பாலான தொழில் குடும்பத் தொழில். அப்பா கல்லாவில், பெரிய மகன் கொள்முதல், சின்ன மகன் இன்ஸ்டாகிராம், மாப்பிள்ளை சென்னையில் ஐடி. உங்களிடம் வந்து பேசுவது சின்ன மகன். அவருக்குப் பிடித்ததைச் செய்து, அவர் ஓகே சொல்லி, திருத்தமெல்லாம் முடிந்து, கடைசி நாளில் அப்பா பார்த்துவிட்டு ‘இது என்ன கறுப்புல?’ என்பார். அத்தோடு முடிந்தது.

ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் பாக்கெட் டிசைன் செய்தபோது எனக்கு இதேதான் நடந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை ஜவ்வரிசி அள்ளிப் போட்ட மாதிரி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்கும் எனக்கு அது பிடிக்கும். பெரியவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. தப்பு என்னுடையது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இப்போது முதல் பேச்சிலேயே கேட்டுவிடுகிறேன்: ‘கடைசியா யார் பார்த்துச் சரின்னு சொல்வாங்க? அவங்களுக்கு ஆகாத நிறம், ராசியான நிறம் ஏதாவது இருக்கா? பேர் எழுத்து நியூமராலஜி பார்த்தாச்சா, இல்லை இனிமேதான் பார்க்கணுமா?’ சிரிக்காதீர்கள். லோகோ முடிந்த பிறகு பெயரில் ஒரு ‘ஏ’ எழுத்து கூடினால் மொத்தக் கட்டமைப்பும் மாறும், அது திருத்தம் கிடையாது, புது வேலை.

முடிந்தால் முதல் மாதிரியை நேரில் போய் எல்லோரும் இருக்கும்போது காட்டுங்கள். கடையில் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் குறைவு. பெரியவர் மனசில் இருப்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும், மெசேஜில் தெரியாது.

மேட்டர், ஃபாண்ட், ப்ரூஃப்

டிசைன் வேலையில் வரும் சண்டை பெரும்பாலும் எழுத்தில் வருவதுதான். தமிழ் மேட்டர் டிடிபி சென்டரில் அடித்த பாமினி ஃபாண்ட் ஃபைலாக வரும், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக என்னவோ தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் மாற்றிய பிறகு வரிக்கு வரி படித்தே ஆக வேண்டும், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறிக் கிடக்கும். இந்த நேரத்தையும் ரேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டுச் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தால் நீங்களே டைப் செய்து, மெசேஜில் அனுப்பி, ‘இதுல இருக்கிற மாதிரியேதான் அச்சாகும், படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க’ என்று உறுதி வாங்குங்கள்.

ஒரு விசிட்டிங் கார்டில் ஃபோன் நம்பரில் ஒரு எண் மாறி ஆயிரம் கார்டு அடித்துவிட்டார்கள். சீட்டில் எழுதியிருந்த 1-ஐ நான் 7 என்று படித்தேன், ப்ரூஃபை அவர் பார்த்தார், பிரஸ்காரர் அடித்தார். மூன்று பேரில் யார் செலவு? பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து பிரிண்டுக்குப் போகும் எந்த ஃபைலுக்கும் பெயர், நம்பர், விலாசம், விலை நான்கையும் தனியாகப் பெரிதாக டைப் செய்து அனுப்பி, ‘பிரிண்ட் போகலாம்’ என்ற இரண்டு வார்த்தையை அவர் கையாலேயே டைப் செய்யச் சொல்கிறேன். தம்ப்ஸ் அப் போதாது. கட்டைவிரல் எதற்கு வேண்டுமானாலும் போடுவார்கள், படிக்காமலே.

பழைய லோகோ இருந்தால் அதை வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், ஃபோட்டோவாக வந்தால் சுருங்கிப்போய் வரும். இதை எல்லா கிளையன்ட்டுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம், மறக்காமல் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

மலை மேல் இருக்கும் கிளையன்ட்

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறவர்கள் நல்ல கிளையன்ட்டுகள். வேலைக்கு மதிப்புத் தெரியும், ஃபோட்டோ எடுக்கப் போனால் காபியும் போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் அவர்களுடைய காலண்டரைத் தெரிந்துகொள்ளாமல் வேலை எடுத்தால் மாட்டிக்கொள்வோம். சீசன் ஏப்ரல், மே. கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று கூட்டம் அலைமோதும் நேரத்தில் அவர்களுக்கு வெப்சைட் ஞாபகம் வரும், ‘அடுத்த வாரத்துக்குள்ள வேணும்’ என்பார்கள். ரூம் எல்லாம் நிரம்பியிருக்கும்போது ரூமை ஃபோட்டோ எடுப்பது எப்படி? எஸ்டேட்டும் வைத்திருப்பவர் என்றால் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் காபிப் பழம் பறிக்கும் வேலையில் இருப்பார், அப்போது ஃபோன் எடுக்கமாட்டார். இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது பிப்ரவரியும் மார்ச்சும்தான்.

அதனால் நான் தை முடிந்ததும் நானாகவே கூப்பிட்டு, ‘சீசனுக்கு முன்னாடி ரேட் கார்டு, ஃபோட்டோ ஏதாவது மாத்தணுமாங்க?’ என்று கேட்டுவிடுவேன். வேலை கேட்பதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதற்கும் காசு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். முதல் தடவை ‘அப்படியே சுத்திப் பார்த்த மாதிரியும் ஆச்சு’ என்று பெட்ரோலைக் கூடக் கேட்காமல் போனேன். மேலே போனால் பனி, லேடீஸ் சீட் வியூ பாயின்ட்டிலிருந்து பார்த்தால் கீழே சேலமே தெரியவில்லை, ஹோம்ஸ்டேவின் முன்பக்கமும் தெரியவில்லை. மறுநாள் திரும்பப் போனேன். இப்போது எஸ்டிமேட்டில் ‘மலைக்கு ஒரு நாள் வருகை இவ்வளவு, பனியால் எடுக்க முடியாமல் போனால் இரண்டாம் நாள் பாதி’ என்று ஒரு வரி இருக்கிறது. இதுவரை யாரும் அதற்கு முகம் சுளித்ததில்லை, மலைக்காரர்களுக்குப் பனியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லையே.

சமவெளிக்கும் இதேபோல் ஒரு காலண்டர் உண்டு. ஆடியில் புதுக்கடை திறக்கமாட்டார்கள், ஆனால் துணிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் வேலை குவியும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் யாரிடமும் ஓகே வாங்க முடியாது. ஆவணி பிறந்ததும் திறப்பு விழா, கல்யாணம் என்று எல்லோருக்கும் ஒரே நாளில் அவசரம். ஒரு நாள்காட்டியில் இதையெல்லாம் முன்கூட்டியே குறித்து வைத்தால் எந்த மாதம் எத்தனை வேலை ஒத்துக்கொள்ளலாம் என்பது தெரியும்.

‘அப்படியே ஒரு சின்ன வேலை’

சின்ன வேலை என்று யாராவது சொன்னால் அது எவ்வளவு பெரியது என்பதை அவர் யோசிக்கவில்லை என்று அர்த்தம். வெப்சைட் செய்துகொண்டிருக்கும்போது, ‘அப்படியே தீபாவளிக்கு ஒரு வாழ்த்து’, ‘அப்படியே பையன் பிறந்த நாளுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்’. முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லத் தேவையில்லை. நான் ஒரே பதில்தான் போடுவேன்: ‘செஞ்சுடலாங்க. இது நம்ம லிஸ்ட்ல இல்லாததால 600 ரூபாய் ஆகும், வெப்சைட் ஒரு நாள் தள்ளும். போடட்டுமா?’ பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே காணாமல் போய்விடும். நானாக இலவசமாகச் செய்து கொடுப்பதும் உண்டு, அப்போதும் பில்லில் 600 என்று எழுதி, பக்கத்தில் கழிவு 600 என்று எழுதுவேன். கொலுசுக்கு மேல் ஒரு சலங்கை கூடப் போட்டால் வியாபாரி அதை எடையில் பார்க்கிறார் இல்லையா, அந்த மாதிரி, கொடுத்தது தெரியட்டும்.

ஃபோன் நேரமும் இதில் சேர்த்திதான். கடைக்காரர்கள் ஒன்பது, ஒன்பதரைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு நிதானமாகக் கூப்பிடுவார்கள், அவர்களுக்கு அப்போதுதான் நேரம். ‘காலையில பத்திலேருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் பேசலாங்க, அதுக்கு மேல மெசேஜ் போட்டு வைங்க, காலையில பார்த்துடுவேன்’ என்று முதல் வாரமே சொல்லிவிட்டு, ராத்திரி வரும் ஃபோனை எடுக்காதீர்கள். ஒரு நாள் எடுத்தால் தினமும் வரும். காலையில் பத்து மணிக்கு நீங்களாகவே திருப்பிக் கூப்பிட வேண்டும், அது முக்கியம், இல்லாவிட்டால் ஃபோன் எடுக்காத பிள்ளை என்ற பெயர்தான் மிஞ்சும்.

நீங்கள் தாமதமானால் என்ன செய்வது? சொல்லிவிடுங்கள், கெடு தேதிக்கு முன்பாகவே. ஒரு திறப்பு விழாவுக்குச் செய்ய வேண்டிய பேனரை முடிக்க முடியாமல் நான் ஃபோனை ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்த ராத்திரி ஒன்று இருக்கிறது. பேனரை விடிகாலை நாலரைக்கு முடித்து அனுப்பினேன், மாட்டியும் விட்டார்கள். ஆனாலும் அந்தக் குடும்பம் அதற்கப்புறம் வேலை கொடுக்கவில்லை. பேனர் தாமதமானதை மன்னித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஸ்விட்ச் ஆஃபை மன்னிக்கவில்லை.

பணம் வாங்குவது

கேட்கிற நாளில் கேளுங்கள். செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று பார்க்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர், விளக்கு வைத்த பிறகும் கொடுக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘பேலன்ஸ் எப்ப சார்’ என்று மெசேஜ் போட்டால் பணமும் வராது, சகுனம் தெரியாத பிள்ளை என்ற பேச்சும் வரும். திங்கள், புதன், வியாழன், காலை பதினொன்று மணிவாக்கில். பில் நம்பர், தொகை, யுபிஐ விவரம் மூன்றும் ஒரே மெசேஜில் இருக்கட்டும், அவர் தேட வேண்டியிருந்தால் அதுவே நாலு நாள் தள்ளிப்போக ஒரு காரணம்.

கடைசி ஃபைலைக் கொடுப்பதற்கு முன் மீதித் தொகை என்பதில் மட்டும் தளராதீர்கள். பார்ப்பதற்கு வாட்டர்மார்க் போட்ட பிடிஎஃப் போதும். கொடுத்துவிட்டுக் கேட்பது பட்டறையில் கொலுசை அனுப்பிவிட்டுக் கூலி கேட்பது மாதிரி என்று சொல்லலாம் என்று பார்த்தேன், பெரியப்பாவிடம் கேட்டால் அங்கேயும் நிறையப் பேர் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். சரி, அந்த உவமை வேண்டாம்.

கம்பெனிகளுக்கு வேலை செய்தால் முன்பணம் கிடைக்காது, ‘பில் போடுங்க, 60 நாள்’ என்பார்கள். இதற்குத்தான் உத்யம் பதிவு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பானும் வைத்து ஆன்லைனில் இலவசமாகச் செய்யலாம், காசு கேட்கும் சைட்டெல்லாம் தரகர்கள். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசு போர்ட்டலில் புகாரும் கொடுக்கலாம், ஆனால் அதைச் செய்தால் அந்த கிளையன்ட்டை மறந்துவிட வேண்டியதுதான். அதற்கு முன்பே வேலை செய்யும் ஆயுதம் இன்னொன்று. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள்: இந்தக் கெடு தாண்டியும் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை, வேலையை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் கழிக்க முடியாது, எப்போது கொடுக்கிறாரோ அந்த வருஷத்தில்தான் கழிக்கலாம். அதனால் மார்ச் மாதம் ஆடிட்டரே முதலாளியை நெருக்குவார். பில்லின் மேல் பகுதியில் உத்யம் நம்பரை அச்சடித்துவிடுங்கள், அவ்வளவுதான் நீங்கள் செய்ய வேண்டியது.

டிடிஎஸ் (பில் தொகையிலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்தார்கள் என்று புதியவர்கள் பதறுகிறார்கள், அது திருட்டு இல்லை. தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் பிடித்து உங்கள் பான் கணக்கில் கட்டுவார்கள், 2025 ஏப்ரலிலிருந்து ஒரே கிளையன்ட்டிடம் வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். வருஷ முடிவில் வருமான வரி சைட்டில் உங்கள் கணக்கில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறவில்லை என்றால் அப்போது சத்தம் போடுங்கள். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, சேவைத் தொழிலில் பொதுவாக வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை, பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்கவும் கூடாது. மீதியை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

ஓபன் ஃபைல் யாருக்கு

பிரஸ்காரர் கேட்டார் என்று கிளையன்ட் கேட்பார், ‘கோரல் ஃபைலைக் கொடுத்துடும்மா’. யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல், அதுதான் ஓபன் ஃபைல். கொடுப்பதா வேண்டாமா என்பதை முதல் மெசேஜிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், சம்பளத்துக்கு வேலை செய்யாத டிசைனர் போட்ட லோகோவின் முதல் உரிமை டிசைனருக்குத்தான், எழுதிக் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் கிளையன்ட்டுக்குப் போகும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். ஃபோட்டோவுக்கு வேறு கணக்கு, காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. இதைத் தெரிந்துகொண்டு கிளையன்ட்டிடம் சட்டம் பேசாதீர்கள். தன் கடை லோகோ தனக்குச் சொந்தம் என்று நினைப்பது நியாயமான நினைப்பு. நான் முழுத் தொகையும் வந்ததும் லோகோவின் உரிமை எந்த நாட்டிலும் என்றைக்கும் அவருக்கே என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஓபன் ஃபைலோடு கொடுத்துவிடுகிறேன், மாதிரியாக என் ப்ரொஃபைலில் காட்டிக்கொள்ள அனுமதி மட்டும் கேட்டு வாங்குவேன். கேட்லாக், வெப்சைட்டுக்கான ஓபன் ஃபைல் வேண்டுமென்றால் தனி ரேட்.

விலகுவதும் வேலைதான். முதல் பேச்சிலேயே முன்பு வேலை செய்த மூன்று டிசைனர்களைத் திட்டுகிறவர், நான்காவதாக உங்களைத்தான் திட்டப்போகிறார். ‘இதை முதல்ல ஃப்ரீயா பண்ணிக் காட்டு, பின்னாடி நிறைய வேலை இருக்கு’ என்கிறவரிடம் பின்னாடி ஒன்றும் இருக்காது. இவர்களிடம் காரணமெல்லாம் விளக்க வேண்டாம், ‘இந்த மாசம் கையில வேலை நிறைய இருக்குங்க’ போதும். நடுவில் விலக வேண்டி வந்தால் செய்த வரைக்கும் கணக்குப் போட்டு, மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுத்து, டொமைன், ஹோஸ்டிங், இன்ஸ்டாகிராம், கூகுள் மேப் லிஸ்டிங் எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் ஒரே தாளில் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாங்கியதும் மாற்றிவிடச் சொல்லுங்கள். டொமைனை ஆரம்பத்திலேயே கிளையன்ட்டின் ஈமெயிலில், அவர் கார்டில் வாங்கியிருந்தால் இந்தத் தாளில் ஒரு வரி குறையும்.